நவநீதனுக்கு ஓர் எழுத்து

எல்லோர் பெயருக்கும் நேராக இரண்டு எழுத்து. அவன் பெயருக்கு நேராக ஒன்று.

இரண்டு இருந்தால் படிக்கலாம், திருத்தலாம். ஒன்று என்றால் படிக்க மட்டும்.

அந்த அனுமதிப் பட்டியலை அவள் சேமித்தாள்.

இனி இந்த அலுவலகத்தில் மில்களுக்காக எழுதும் கணினி நிரல் எல்லாம் மூலையில் இருக்கும் அந்தக் கறுப்பு சர்வர் பெட்டிக்குள்தான். யார் எதைத் திருத்தினார்கள் என்று அது மறக்காது. யாரை எதுவரை விடலாம் என்று அதற்குச் சொல்லிவைப்பது அவள் வேலை.

“நவநீதனுக்குப் பாக்க மட்டும் குடுத்தாப் போதும்மா,” என்று முதலாளி காலையில் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “ஆளக் குறைக்கறோம். திங்கக்கெழம நானே சொல்லிக்கறேன். அதுக்குள்ள தெரிஞ்சு, கோவத்துல எதையாச்சும் அழிச்சுட்டான்னா? நீ வாயத் தொறந்துராத.”

சரிங்க என்றாள். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று அறையை விட்டு வெளியே வந்த பிறகு நிறையத் தோன்றியது.

அவர் பல்லடம் போய்விட்டார். இந்த மாதிரி நாள்களில் அவருக்குப் பல்லடத்து மில்லில் ஓர் அவசரம் வந்துவிடும்.

நவநீதன் ஆறு வருஷமாகப் பக்கத்து மேசை. பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்தவன். வயரை இழுத்துச் சுவரோடு சேர்த்து ஆணியடித்தவன். கடவுச்சொல்லே வேண்டாம், எழுதித் திரையில் ஒட்டிவைப்பார்கள் என்று அவள் சொன்னபோது முதலில் தலையாட்டியவனும் அவன்தான். அதனால் கடவுச்சொல் இல்லை. ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு சாவிக் கோப்பு. பெட்டி அதை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளும். எதையும் தட்ட வேண்டாம்.

தன் சாவியைப் பதிந்துகொள்ள அவளிடம் முதலில் தந்தவனும் அவன்.

பெட்டியைத் தொடங்கிவைக்க, வெள்ளிக்கிழமை ராகு காலம் முடியக் காத்திருந்தார்கள். கணக்குப் பார்க்கும் தெய்வானை அக்கா அதற்குள் பெட்டிக்குச் சந்தனம் வைத்தாள். குங்குமம் வைத்தாள். காற்றுப் போகும் ஓட்டையின் மேல் பூச்சரத்தைத் தொங்கவிடப் போனபோது மட்டும் இவள் தடுத்தாள். அக்கா வீட்டிலிருந்து தூக்கில் கேசரி வந்திருந்தது.

முதல் நிரலைத் தானே ஏற்றிவிடலாம் என்று இவள் நினைத்திருந்தாள். ஒன்றை மறந்துபோயிருந்தாள்.

“நவநீதா, வா சாமி,” என்றாள் அக்கா. “உன்ற கைராசிக்கு நீ தொட்டாத்தான் வெளங்கும்.”

அந்த அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கம். எந்த மில்லுக்கு எது புதிதாகப் போனாலும் முதல் பொத்தானை அழுத்துவது நவநீதன். அவன் தொட்ட எதுவும் முதல் நாளே படுத்ததில்லை. அவனுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கேசரியில் உண்டு.

அவள் விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன. ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். அவன் எழுந்து வருவதற்குள் முடிகிற வேலை.

தன் வேலையும் போய்விடுமே என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்குக் கூசியது.

கூசியும் கை போகவில்லை.

அவன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கத்தில் வைத்தான். எல்லோரும் அவன் பின்னால் கூடினார்கள். இவள் தோளருகில் நின்றாள்.

அழுத்தினான்.

திரையில் ஒரு வரி வந்தது. அவன் பெயர். எழுத அனுமதி இல்லை.

படித்தான். திரும்பவும் படித்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவள் பெட்டியின் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு கண்ணு?” என்றாள் அக்கா.

அவன் மடிக்கணினியின் மூடியைப் பாதி சாய்த்தான்.

“பாஸ்வேர்ட தப்பா அடிச்சுட்டனுங்க்கா. இன்னிக்குக் கைராசிக்கு லீவு போல.” அவள் பக்கம் திரும்பினான். “நீயே அழுத்திரு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் தன் கணினியில் அழுத்தினாள். ஏறியது. கை தட்டினார்கள். அவன்தான் முதலில் தட்டினான்.

பாஸ்வேர்டே கேட்காத பெட்டி அது.

மத்தியானம் அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து.

“சோமனூர் மில் எடைக் கணக்குல இருந்த பிழைய சரி பண்ணியாச்சு. எனக்கு அப்புறம் பாக்கறவங்களுக்குப் புரியற மாதிரி குறிப்பும் எழுதியிருக்கேன். உங்க பேர்லயே ஏத்திருங்க.”

ஆறு வருஷமாக நீ, வா, போ என்று பேசியவன்.

இணைப்பைத் திறந்தாள். மாதக்கணக்கில் யாருக்கும் பிடிபடாத பிழை. வரிக்கு வரி விளக்கம் எழுதியிருந்தான். எதையும் அழித்திருக்கவில்லை.

ஏற்றும்போது எழுதியவர் பெயருக்கு என்று ஓர் இடம் உண்டு. பெட்டி சாவியைத்தான் சோதிக்கும். அந்த இடத்தில் எந்தப் பெயரைப் போட்டாலும் நம்பிவிடும்.

நவநீதன் என்று போட்டாள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

திரும்பி அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவன் இழுப்பறையைத் திறந்து தன் பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைதானே, யாரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு வைத்த கேசரி மேசையில் அப்படியே இருந்தது. எறும்பு வந்திருந்தது.