ஒன்பது மூன்றாம் பெட்டிகள்

பாம்பு கடித்த பெண்ணுக்கு மருந்து கேட்டு ஆஸ்பத்திரி வண்டி எங்கள் மருந்துக் கிடங்கு வாசலில் வந்து நின்றது. அதிகாரி பரிமளம் தன் அலைபேசியை என்னிடம் நீட்டினார். அறை, அறைக்குள் அடுக்கு, அடுக்குக்குள் பெட்டி என்று நாங்கள் வைத்ததையெல்லாம் புதிய செயலி ஒரே வரிசையாகக் கொட்டியிருந்தது. மருந்து மூன்றாம் பெட்டியில் என்றது. ஆனால் ‘மூன்றாம் பெட்டி’ என்றே ஒன்பது வரிகள்.

“இதுல எதுண்ணே?”

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்ற சுமைக்காரன் நான். ஒன்பதையும் விரல் வைத்து வாசித்தேன்.

“பேரச் சொல்லுது. எந்த வீட்டுப் பிள்ளைன்னு சொல்லலையேம்மா.”

“எல்லாத்தையும் தேட நேரமில்ல.”

“எதுக்குத் தேடணும்? செவ்வாய்க்கிழமை இந்த மருந்த நான்தான் சுமந்தேன். கண்ணாடிக் குப்பின்னா கீழ் அடுக்குலதான் வைப்பேன். அன்னிக்கு வச்சது கடைசி ரூமு.”

அவர் இன்னும் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“வண்டிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கடைசி அறைக்குள் குனிந்தேன்.