வெயிலில் காய்ந்த குரல்

"குழுவோட பாடினப்ப இன்னா கொரலு! இப்ப தனியா பாடி இன்னாத்துக்கு ஆவுது? ஆட்டுக்குட்டி கத்தறாப்புல கீது," என்றாள் பெரியம்மாள், டேப்ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்த புதுக் கேசட்டைக் காட்டி.

புதூர்நாட்டில் ஜீப் நிற்கும் இடத்தில் அவள் டீக்கடை. எதிரே உட்கார்ந்திருந்த ஏசுராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். பாடியவனே அவன்தான் என்று அவளுக்குத் தெரியாது. திருப்பத்தூர் இசைக்குழுவோடு சண்டை போட்டு விலகி, அவன் தனியாக வெளியிட்ட முதல் கேசட் அது. நன்றாகக் கேட்கவேண்டும் என்று, கடை டேப்ரெக்கார்டருக்குப் புது பேட்டரியும் அவனே வாங்கிப் போட்டிருந்தான்.

"குழு கேசட்லயும் அதே ஆளுதானம்மா பாடறாரு?"

"நாலு வருசமா தெனம் கேக்கறேன், எனக்குத் தெரியாதா? இருங்க, போடறேன். நீங்களே கேளுங்க."

குழு கேசட்டைப் போட்டாள். அதிலும் ஆட்டுக்குட்டி கத்தியது.

பெரியம்மாள் பதறிப்போய் நிறுத்தினாள்.

"ஐயையோ! உங்க புது பேட்டரி எங்க கேசட்டையே கெடுத்துட்ச்சே!"

கொஞ்சம் உயிர் வரட்டும் என்று கூரைமேல் வெயிலில் காயவைத்திருந்த, எப்போதும் போடும் பழைய பேட்டரிகளை எடுத்துவந்து மாற்றினாள். கேசட் சோர்ந்துபோய் மெதுவாகச் சுற்றியது. கனத்த, கம்பீரமான குரல் ஒன்று எழுந்தது. பாட்டு ஏசுராஜ் பாடியதுதான். அந்தக் குரலை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

பெரியம்மாள் கண்மூடித் தலையாட்டினாள்.

"இதாங்க அவரு கொரலு!"

'அது நான்தான்' என்று சொல்ல வாய் திறந்த ஏசுராஜ், தன் குரலுக்குப் பயந்து மூடிக்கொண்டான்.