ஸ்டில் என்றால் என்ன?

“‘இன்னும்’னு அர்த்தம்,” என்றார் ஹமீத் முதலாளி, பருப்பை நிறுத்துக்கொண்டே. “ஸ்டில் ரெய்னிங்னா, இன்னும் மழை பெய்யுதுன்னு. ஒனக்கெதுக்கு இப்ப இங்கிலீசு?”

அழகன் கடைப் படிக்குக் கீழே நின்றிருந்தான். பூண்டுலோயாக் கடைவீதியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. அவன் யார் மேலும் படாமல் ஒதுங்கியே நின்றான். தோளில் மம்பட்டி. தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவன், மம்பட்டி இல்லாமல் அவனைப் பார்ப்பதுதான் அதிசயம்.

“டாக்டரய்யா சொன்ன வார்த்தைங்க. என் சம்சாரம் காதுல வாங்கிருச்சு. அப்படின்னா என்னன்னு கேட்டுட்டு வரச் சொல்லுது.”

“வடிவுக்குப் புள்ள பொறந்துருச்சா?” முதலாளியின் கை தராசோடு நின்றது.

“விடியக்காலம் பொறந்துச்சுங்க. பொம்பளப் புள்ள.”

முதலாளிக்கு நிஜமாகவே சந்தோஷம். சண்முகவடிவுக்கு இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்காமல் போனதும், அவள் கோயில் கோயிலாக ஏறி இறங்கியதும் கடைவீதிக்கே தெரிந்த கதை. ஒரு பொட்டலம் கற்கண்டு மடித்து நீட்டினார். அழகன் கையை நீட்டவில்லை.

“கீழ வச்சிருங்க மொதலாளி. தீட்டு.”

“அட ஆமா, புள்ள பெத்தா ஒங்க ஆளுங்களுக்குத் தீட்டுல்ல!” சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் படியில் வைத்தார். அழகன் குனிந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டான். மகள் பிறந்தவன் முகத்தில் ஒரு சிரிப்பைக் காணோமே என்று முதலாளிக்குத் தோன்றியது. ராத்திரி பூராவும் ஆஸ்பத்திரி வாசலில் கண்விழித்திருப்பான், வேறென்ன!

அடுத்து அவன் போய் நின்றது போட்டோ ஸ்டூடியோ வாசலில்.

“அசையாம இருக்குறதுக்குத்தான் ஸ்டில்னு பேரு,” என்றார் படம் பிடிக்கிறவர். “நான் ‘ஸ்டில்’னு சொன்னா மூச்சக்கூட விடக் கூடாது. அப்பத்தான் படம் நல்லா விழும்.”

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆள் விடவில்லை. “சாராயம் காய்ச்சுற அண்டாவுக்கும் அதான்யா பேரு. ஒங்க டாக்டரு எதப் பத்திப் பேசுனாரோ!”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அழகன் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, தோட்டத்துப் பாதையில் ஏறினான். பசி தெரியவில்லை, கால் வலியும் தெரியவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் கணேசமூர்த்தி மாஸ்டரின் வீடு. மாஸ்டர் சாய்வு நாற்காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வா அழகா, ஏன் வாசல்லயே நிக்கிற?”

“வரக் கூடாதுங்க. இன்னும் குளிக்கல.” அப்படியே நின்று, வந்த விஷயத்தைச் சொன்னான்.

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. “நாடே சிங்களம் படின்னு சொல்லுது, நீ என்னடான்னா இங்கிலீசு கேட்டு வந்திருக்க. சரி, இதுவரைக்கும் யார் யாரு என்ன சொன்னாங்க?”

“இன்னும்னாங்க. அசையாமன்னாங்க. சாராய அண்டான்னாங்க.”

“எல்லாமே சரிதான். கூட வர்ற சொல்லப் பொறுத்து அர்த்தம் மாறும். டாக்டரு அதோட வேற எதாவது சேத்துச் சொன்னாரா?”

“பர்த்துன்னாருங்க. ஸ்டில் பர்த்து.”

மாஸ்டர் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தால் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாவி டாக்டர், அதை இங்கிலீஷில் சொல்லிவிட்டு வேலை முடிந்ததென்று போயிருக்கிறார். இந்த மனிதன் விஷயம் தெரியாமல், மடியில் கற்கண்டோடு, ஊரெல்லாம் அர்த்தம் கேட்டு அலைகிறான்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு சொல்.

“அமைதின்னு ஒரு அர்த்தம் இருக்கு அழகா.” எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். “சத்தமில்லாம, நிம்மதியா இருக்குறது.”

“அப்ப, அமைதியான புள்ளைன்னு சொல்லலாமுங்களா?”

“சொல்லலாம்.”

அழகன் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். “இதாங்க நல்லாருக்கு. இதையே சொல்லிடுறேன்.” மம்பட்டியைத் தோள் மாற்றினான். அதில் ஒட்டியிருந்த செம்மண் வாசலில் உதிர்ந்தது.

பொய் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் இவன் இன்னும் எத்தனை வாசலில் போய் நிற்பானோ என்று நினைக்க மாஸ்டருக்குத் தாளவில்லை. எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

“அழகா, நான் சொல்றதக் கேளு. இனிமே யாருகிட்டயும் போய்க் கேக்காத. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. போய் மொதல்ல ஒம் புள்ளையப் பாரு.”

அழகன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

“பொதச்சிட்டுத்தாங்க வர்றேன். வடிவுக்குத்தான் இன்னும் தெரியாது.”