நான்கு கால், மூன்று பூட்ஸ்

உச்சிக்கு ஐந்தடி இருக்கும்போது அவன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

யோசித்துச் செய்யவில்லை. யோசிக்கிற வேலையெல்லாம் நான்கு நாள் முன்பே, பனியாற்றின் நடுவில், நின்றுபோயிருந்தது.

திருச்செங்கோட்டு மலையில் ஏறிப் பழகிய கால்கள். கோயில் வாசல் வந்தால் செருப்பைக் கழற்றிப் பழகிய கைகள். இங்கே வாசல் இல்லை. வானத்தில் செருகி வைத்த ஒற்றைக் கருங்கல்தான். கைகளுக்கு அது தெரியவில்லை.

வெப்பமானி மைனஸ் இருபத்தெட்டுவரை இறங்கிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. அதற்கும் அசதி.

கழற்றியதை ஜோடியாக ஓரமாய் வைத்தான்.

இடதுகால் பூட்ஸ் மெல்லச் சாய்ந்தது. விளிம்பைத் தாண்டிப் போனது. சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே கூடாரத்துக்கு அது மதியச் சாப்பாட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

பின்னால் ஏறி வந்த அர்த்தநாரி, பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி, பார்த்துக்கொண்டே நின்றான்.

“ஏன் மாப்ள, இங்க எந்தச் சாமி இருக்குது?”

“இல்லாமத்தான் நீயி கயித்த அவுத்துட்டு நிக்கறயா?”

அர்த்தநாரி குனிந்து பார்த்தான். அவன் பூட்ஸின் கயிறுகளும் அவிழ்ந்து தொங்கின.

கும்பிட்டார்கள். எதை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இறங்க நான்கு மணி நேரம். நான்கு கால். மூன்று பூட்ஸ்.

அர்த்தநாரிதான் வழி சொன்னான். தன் இடதுகால் பூட்ஸை நூறு தப்படிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது. இல்லாதவன் காலுக்கு இரண்டு காலுறை, அதன்மேல் ஒரு கையுறை. எண்ணுகிற பொறுப்பு அர்த்தநாரிக்கு. கணக்கு வாத்தியார்.

முதலில் பூட்ஸைத் தொலைத்தவன் காலுறையில் நடந்தான். பாதம் எரிந்தது. அப்புறம் எரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஐம்பத்தொன்பது. அறுபது. எண்பத்தொன்று.

களைப்பு, பாவம், என்று நினைத்துக்கொண்டான்.

மாற்றினார்கள். பூட்ஸ் ஒரு சைஸ் சின்னது. உள்ளே அர்த்தநாரியின் சூடு இருந்தது.

ஐம்பத்தொன்பது. அறுபது. ஐம்பத்தொன்று.

மறுபடி மாற்றினார்கள். அறுபதுக்கு அப்புறம் எண்பத்தொன்று.

மறுபடி.

பூட்ஸுக்குள் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுக்கொண்டிருந்தன. முன்னால் அர்த்தநாரி, பனியில் இடது காலை இழுத்து வைத்தபடி, மூன்றாம் முறையாக அறுபது என்றான்.

அவனுக்கும் எண்ணத் தெரியும்.

திருத்தவில்லை.