மூலை மேஜைக்குக் குளிர்

"சத்தமே போடாத ஏ.சி. மெஷின் ஸார். யுத்தத்துக்கு முன்னாலேயே சீமையிலேர்ந்து கப்பல்ல வந்த சரக்கு" என்றார் மதராஸ் கம்பெனி ஏஜெண்ட் வரதப்பன்.

"சத்தம் கிடக்கட்டும் ஓய். எப்படிக் குளிரும்?" என்றார் மைசூரில் தன் காபி கிளப்பின் கல்லாவில் உட்கார்ந்திருந்த யக்ஞநாராயணன்.

"இதமா இருக்கும்."

"இதம் வேண்டாம். அடுத்ததைக் காட்டும்."

"அது பெரிசு ஸார். மைசூர் ஊருக்கு ரொம்ப ஜாஸ்தி."

"பரவாயில்லை. காத்து அந்த மூலை மேஜைக்கு நேரா வரணும்."

மூலை மேஜையில், திவான் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நான்கு பெரியவர்கள் ஜெர்மனியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவங்க மேல உங்களுக்கு எவ்வளவு அக்கறை ஸார்!" வரதப்பன் நெகிழ்ந்துபோனார்.

யக்ஞநாராயணன் மூலை மேஜைக்கு எதிரே இருந்த ஜன்னலைக் காட்டினார்.

பெரிய மெஷினை அதில் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தார்கள். அரை மணியில் யுத்தம் நின்றது. நால்வரும் அங்கவஸ்திரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் தும்மினார்.

வரதப்பன் பதறிப்போய் மெஷினின் குமிழைத் திருகப் போனார். "குறைச்சுடறேன் ஸார்."

"கையை எடும் ஓய்!"

அப்போது மூலையிலிருந்து நடுங்கும் குரலில் ஒருவர் கூப்பிட்டார்: "சப்ளையர், இன்னிக்கு பை டூ பேடப்பா, பங்கு வேண்டாம்! ஆளுக்கு ஒரு முழு காபி. கொதிக்கக் கொதிக்கக் கொண்டா!"

யக்ஞநாராயணன் நிதானமாகத் திரும்பினார்.

"இத்தனை வருஷமா ரெண்டு காபியை நாலு பேர் பங்கு போட்டுண்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தா. இந்த மெஷினே இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் குளிருமா?"