புள்ளிக் கோழியின் கேழ்வரகு உருண்டை

புள்ளிக் கோழி முட்டையிடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அதிலிருந்தே கால் வலித்தது. திடீர் திடீரென்று உடம்பு தகித்தது. தானியம் இறைத்தால், "முட்டையிடுகிறவர்கள் முதலில் தின்னட்டும்" என்று ஒதுங்கி நின்று, மிஞ்சிய உமியைக் கொத்தும்.

ஒருநாள், பூனைக்குப் பயந்து கோழிகள் அடையும் முருங்கைக் கிளைக்குத் தாவப் போய்ப் பொத்தென்று விழுந்தது. அணில் பதறி ஓடிவந்தது.

"உனக்கென்று ஒரு தீனி வேண்டும் அக்கா. வா, நாமே செய்வோம்" என்றது.

கேழ்வரகை முளைகட்டி எள்ளோடு சேர்த்துக் கோழியும் அணிலுமாக உருட்டின. முதல் உருண்டை கல்லாகிவிட்டது. அடுத்தது கோழியின் அலகில் ஒட்டிக்கொள்ள, பேச முடியாமல் அது முழித்ததைப் பார்த்து அணில் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவதில் முருங்கைக்கீரையும் சேர்ந்தது. "அடடா!" என்று கோழி கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டு மாதம் விடாமல் தின்றது. ஒரு மாலை, ஒரே தாவில் கிளையேறிச் சிறகடித்தது.

சேவலுக்கு ஆச்சரியம். "அப்படியானால் இனி முட்டை வருமா?"

"முட்டைக்காக யார் தின்றது? நான் எனக்காகத் தின்றேன்!"

அடுத்த நிமிஷம் வயதான கோழிகளெல்லாம் அணிலைச் சூழ்ந்துகொண்டன.

"எனக்கும் ஒன்று! எள் கொஞ்சம் தூக்கலாக!"