டாக்டர் கேட்ட கேள்விகள்

மயங்கிக் கிடந்த மனைவியின் கையை அவர் விடவேயில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" டாக்டர் அவசரப்பட்டார்.

"தெரியலை…"

"எந்த மருந்தாவது ஒத்துக்காதா? நெஞ்சு வலி எத்தனை நாளா?"

"வலின்னு சொன்னதே இல்லையே டாக்டர்! எப்படியாவது காப்பாத்துங்க!" முப்பது வருஷம் கூடவே வாழ்ந்தவர் கதறினார்.

"பென்சிலின் ஒத்துக்காது. ரெண்டு மாசமா வலி. பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க," என்றாள் நர்ஸ்.

ஊசியை மாற்றினார்கள். உயிர் பிழைத்தாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் கணவர்.

நர்ஸ் தயங்கினாள். "போன மாசம் சபையில திருமண ஆயத்த வகுப்புக்கு லேட்டா வந்தேன், பாஸ்டர். 'மனைவி பேசறதைக் காது கொடுத்துக் கேளுங்க'ன்னு உள்ளே நீங்க மாப்பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டிருந்தீங்க. அம்மா வெளியே படியில தனியா உட்கார்ந்திருந்தாங்க. வலி, மாத்திரை எல்லாம் என்கிட்ட சொன்னாங்க. டாக்டர்கிட்ட உடனே போங்கன்னேன். அவருக்கு நேரம் கிடைக்கட்டும், சொல்றேன்னாங்க."